ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே கோவளம் வரையிலும், தெற்கே சதுரங்கப்பட்டினம் வரையிலும் கடற்கரை ஓரமாக நடந்து செல்வோர், கழிகளின் ஓரங்களில் கிளிஞ்சல்கள் சிதறிக் கிடத்தலைக் காண்பர். முற்காலத்தில் இக்கரையில் வாழ்ந்தோர் இவற்றை வாரிச் சூளையிட்டுச் சுண்ணாம்பு ஆக்கினர். சென்னையின் பழைய மாளிகைச் சுவர்களைப் பளிங்குபோல் மின்னச் செய்த சுண்ணச்சாந்து, இத்தகைய கிளிஞ்சற் சுண்ணாம்பினால் ஆயதே. யான் சிறுவனாக இருந்தபோது, செங்கற்பட்டுச் சந்தையில் வெற்றிலைக் கூடைக்கு அருகே ஈரத்துணி போர்த்திய சுண்ணாம்புப் பானையும் தவறாது வீற்றிருக்கும்.

அச்சுண்ணாம்பில் ஒரு கொட்டைப் பாக்களவு எடுத்து நிரம்ப நீர்விட்டுக் கலக்கி வைத்தால், அடியில் மண்டி படிய, மேலே தெளிந்த சுண்ணாம்பு நீர் நிற்கும். அத்தெளிவை இறுத்துக்கொண்டு, அதிற் சில துளி எலுமிச்சைச் சாற்றை வடிகட்டி விடுக. யாதொரு மாறுதலும் தோன்றாது. பின்னர் அதனை அடுப்பிலேற்றிக் கொதிக்க வைத்தால், தெளிந்திருந்த நீர் மெல்ல மெல்லப் பாலின் நிறம் கொள்ளும். வெண்பொடி அடியிற் படியும். சர்க்கரையும் உப்பும் சூட்டில் மிகுதியாகக் கரைதலே நாம் அறிந்தது. இவ்வெண்பொடியோ தண்ணீரிற் கரைந்து வெந்நீரிற் பிரிகின்றது. எலுமிச்சையின் புளிப்பும் கிளிஞ்சலின் சுண்ணமும் கூடிப் பிறந்த பொருள் அது. அதனைப் பிரித்தெடுத்துக் கந்தகத் திராவகத்தோடு சேர்த்தால், சுண்ணம் விலகிப் புளிப்பு மட்டும் தனித்துக் கண்ணாடிச் சில்லுகள்போற் படிகமாகும். அதுவே சிட்ரிக் அமிலம். 1784-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் மருந்துக்கடை நடத்திய ஷீலே என்பவர் இதனை முதன்முதலிற் பிரித்தெடுத்தார். முற்பகுதியைப் பெரியோர் துணையுடன் இல்லத்திற் செய்து பார்க்கலாம்; கண்ணிற் சுண்ணாம்பு தெறியாவண்ணம் காத்துக்கொள்ளல் வேண்டும். திராவகம் கொண்டு செய்யும் பிற்பகுதி, ஆசிரியர் உடனிருக்கும் பள்ளி ஆய்வுக்கூடத்திற்கே உரியது.

யான் வேதியியல் கற்றவனல்லன், தமிழ் கற்றவன். எனினும், உயிர்ப்பொருள்களிற் காணும் புளிப்பும் எண்ணெயும் சாயமும் மருந்தும் கரி என்னும் தனிமத்தை அடியாகக் கொண்டவை என்பதும், அவற்றை ஆராயும் துறையே கரிம வேதியியல் என்பதும் அறிந்தபோது பெருவியப்பு எய்தினேன். அத்துறை முதலில் வளர்ந்த இடங்கள் பெரும் பல்கலைக்கழகங்கள் அல்ல. மருந்துக்கடையின் பின்கட்டும், வீட்டின் மாடியறையுமே. இலண்டன் மாநகரில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், 1856-ஆம் ஆண்டு விடுமுறையில், தம் வீட்டு ஆய்வறையிற் கொயினா மருந்து செய்ய முயன்று, அது கைகூடாமல், ஊதாநிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்த வரலாற்றைப் பலரும் அறிவர். நம் நாட்டிலும் அத்தகைய ஒரு வீடு இருந்தது. மாமல்லைக் கரையை அலைக்கும் அதே வங்கக் கடலின் வடபால், கல்கத்தா நகரில், மேல் வட்டச் சாலை 91-ஆம் எண்ணுள்ள வாடகை வீடு அது. எலுமிச்சைச் சாற்றிலிருந்து அமிலம் எடுத்து விற்க இயலுமா என்று அங்கே ஆராய்ந்தவர், பிரபுல்ல சந்திர ராய் என்னும் பேராசிரியர்.

பிரபுல்ல சந்திரர் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள், கபோதாட்ச ஆற்றங்கரையில் உள்ள ராருலி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது வங்காளதேச நாட்டின் குல்னா மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். பாரசீக மொழி பயின்றவர். நூல்கள் பல சேர்த்து வைத்தவர். மக்களின் கல்வியின் பொருட்டு அவர் 1870-ஆம் ஆண்டிற் குடும்பத்தோடு கல்கத்தாவிற் குடியேறினார். பிரபுல்ல சந்திரர் ஹேர் பள்ளியிற் சேர்ந்து பயின்று வருகையில், 1874-ஆம் ஆண்டிற் கடுமையான சீதபேதி அவரைப் பற்றியது. ஏறத்தாழ ஈராண்டுக் காலம் பள்ளி செல்ல இயலவில்லை. உடல் அதன் பின்னரும் முழு நலம் எய்தவில்லை. செரியாமையும் உறக்கமின்மையும் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தன. ஆயினும், படுக்கையிற் கிடந்த அக்காலத்தில் தந்தையாரின் நூலகமே அவருக்குப் பள்ளியாயிற்று. வகுப்பில் ஒருநாளைக்கு ஒரு பக்கம் ஓதியிருக்கக் கூடிய சிறுவர், தாமே வரலாறும் வாழ்க்கைக் கதைகளும் ஓதினார். இலத்தீன் மொழியையும் ஆசிரியர் துணையின்றித் தொடங்கினார்.

நோய் தணிந்தபின் ஆல்பர்ட்டு பள்ளியிலும், அதன்பின் வித்தியாசாகரர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரியிலும் அவர் பயின்றார். அக்கல்லூரியில் அறிவியற் பாடத்திற்கு ஆய்வுக்கூட வசதி இல்லை. ஆகவே மாநிலக் கல்லூரிக்குச் சென்று வேதியியல் விரிவுரைகளைக் கேட்டு வந்தார். அங்கே கற்பித்த அலெக்சாண்டர் பெட்லர் சோதனைகளை நயமுறச் செய்து காட்டுவதில் வல்லவர். வகுப்பிற் கண்டதைத் தம் கையாலும் செய்து பார்த்தாலன்றி மாணவராகிய ராய்க்கு மனம் அமையவில்லை. உடன்பயின்ற ஒருவர் தங்கியிருந்த இடத்தில், இருவரும் சேர்ந்து சிறியதோர் ஆய்வுக்கூடம் அமைத்தனர். கண்ணாடிக் கலங்கள் சில, விளக்கு ஒன்று, மருந்துப் புட்டிகள் சில. அவ்வளவே அவர்தம் முதல்.

ஒருமுறை அவ்விருவரும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலந்து எரித்துக் கடுவெப்பம் உண்டாக்கும் ஊதுகுழல் ஒன்றைச் செய்ய விரும்பினர். விலைகொடுத்து வாங்கும் நிலையில் அவர்கள் இல்லை. எனவே தகரவேலை செய்வோர் ஒருவரிடம் மெல்லிய தகட்டைக் கொடுத்து அக்கருவியைச் செய்வித்தனர். பற்றவைத்த இடங்களில் கசிவு இருந்தது. கசிவின் வழியே வளிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நெருப்பு வைத்த கணத்தில் கருவி இடிபோல் முழங்கி வெடித்துச் சிதறியது. இளைஞர் இருவரும் ஊறின்றித் தப்பியது நற்பேறே. வேறொருவராயின் அன்றோடு வேதியியலைக் கைவிட்டிருப்பர். அவர் கைவிடவில்லை. ஹைட்ரஜனோடு காற்றுக் கலவாதிருத்தலை முதலில் ஓர்ந்து கொண்ட பின்னரே அதனைக் கொளுத்துதல் வேண்டும் என்னும் பாடம், எந்தப் புத்தகத்தினும் ஆழமாக அத்தகரக் குழலால் அவர் உள்ளத்திற் பதிந்திருக்கும்.

அக்காலத்தில் இங்கிலாந்து சென்று கற்பதற்குக் கில்கிறிஸ்டு உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. நாடு முழுவதிலுமிருந்து போட்டியிட்டோருள் தேறிய இருவரில் ஒருவராக, பிரபுல்ல சந்திரர் 1882-ஆம் ஆண்டிற் கப்பலேறி எடின்பரோ பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே வேதியியற் பேராசிரியராக விளங்கியவர் கிரம் பிரவுன் என்னும் பேரறிஞர். கரிமப் பொருள்களின் அணுக்களை எழுத்துகளாகவும் வட்டங்களாகவும், அவற்றின் பிணைப்பைக் கோடுகளாகவும் வரைந்து காட்டும் முறையை வகுத்தோருள் அவரும் ஒருவர். அவரிடம் பயின்ற ராய் 1887-ஆம் ஆண்டில் அறிவியற் பேரறிஞர்ப் பட்டம் பெற்றார். 1888-ஆம் ஆண்டிற் கல்கத்தா மீண்டதும், அவர் முதலிற் செய்த செயல், ஒரு நண்பரிடம் வேட்டியும் மேலாடையும் இரவல் பெற்று உடுத்துக்கொண்டு, மேனாட்டு உடையைக் களைந்ததே.

பட்டம் பெற்றவருக்கு உடனே பணி கிட்டியதோ எனில், இல்லை. கல்வித்துறையின் உயர்நிலைப் பதவிகள் ஆங்கிலேயருக்கே உரியவையாக வைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவர் வேலையின்றி இருந்தார். அப்போது அவருக்குத் தம் இல்லத்தில் இடங்கொடுத்து உணவளித்தவர் ஜகதீச சந்திர போஸ். பின்னாளில் உலகம் புகழும் அறிவியலறிஞராய் விளங்கிய அவரும் அப்போது இளைஞரே. 1889-ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியிலே திங்களுக்கு 250 ரூபாய் ஊதியத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பணி பிரபுல்ல சந்திரருக்குக் கிடைத்தது. அதே கல்வியும் அதே பட்டமும் உடைய ஆங்கிலேயர் அடையும் நிலைக்கு அது மிகத் தாழ்ந்தது. அக்குறையை அவர் உணர்ந்திருந்தார். ஆயினும் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மேற்சென்றார்.

கல்கத்தாவில் விற்ற நெய்யிலும் கடுகெண்ணெயிலும் கலப்படம் மலிந்திருந்தது. கலப்படத்தைக் காணவேண்டுமாயின், தூயது எது என்று முதலில் அறிதல் வேண்டுமன்றோ? ஆதலால் தம் கண்முன்னரே பசுவைக் கறக்கச் செய்து, அப்பாலிலிருந்து வெண்ணெய் எடுப்பித்தார். கடுகையும் தாமே பெற்று எண்ணெய் ஆட்டுவித்தார். அவ்வாறு கிடைத்த தூய பொருள்களின் இயல்புகளைக் கணித்து, கடைச் சரக்கோடு ஒப்பிட்டார். கொழுப்பும் எண்ணெயும் கரிமப் பொருள்களே; நம் அடுக்களையே அவற்றின் களஞ்சியம். சில ஆண்டுகள் உழைத்துக் கண்ட முடிவுகளை 1894-ஆம் ஆண்டில் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

இவ்வாராய்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் நெஞ்சை வேறொரு கவலையும் அரித்தது. கல்லூரியிற் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் அனைவரும் எழுத்தர் வேலையை நாடி அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினர். நாட்டில் விளையும் மூலப்பொருள்களோ கப்பலேறிச் சென்று, மருந்தாகவும் சாயமாகவும் உருமாறி, பன்மடங்கு விலையோடு மீண்டு வந்தன. வேதியியல் கற்ற தாம் இதற்கு என் செய்தோம் என்று அவர் தம்மையே வினவிக்கொண்டார். அவ்வினாவிற்கு விடையாகவே 1892-ஆம் ஆண்டில், தாம் குடியிருந்த வாடகை வீட்டில், வங்காள வேதியியல் மருந்துத் தொழிலகத்தைத் தொடங்கினார். கையிலிருந்த முதல் ஏறத்தாழ 700 ரூபாய். தந்தையாரின் கடனுக்கும் ஊதியத்திலிருந்து பணம் செல்ல வேண்டியிருந்தது.

முதலில் எதைச் செய்வது? எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார். அமிலம் கிடைத்தது, ஆனால் போதிய அளவு பழம் மலிவாகக் கிடைக்கவில்லை. ஆதலின் அம்முயற்சியை விடுத்தார். வண்ணார் துணி வெளுக்கும் உவர்மண்ணிலிருந்து சோடா எடுக்க முனைந்தார். சீமையிலிருந்து வந்த சோடாவின் விலை அதனினும் குறைவாக இருந்தமையால் அதுவும் பயன்படவில்லை. சோதனை வெல்லுதல் வேறு, தொழில் வெல்லுதல் வேறு என்பதை இவ்விரண்டும் அவருக்குக் காட்டின.

மூன்றாவதாக அவர் எடுத்துக்கொண்டது எலும்பு. எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கந்தகத் திராவகத்திற் கரைத்துச் சோடா சேர்த்தால், மருத்துவர் பயன்படுத்தும் சோடியம் பாசுபேட்டு கிடைக்கும். அருகிலிருந்த இராஜபஜார் இறைச்சிக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பச்சை எலும்பை வாங்கி வந்து, வீட்டு மாடியில் உலர்த்தினார். அது தைத் திங்களையொத்த சனவரி மாதம். மழை பெய்யாத காலம். ஆயினும் அவ்வாண்டில் மழை விடாது பல நாள் பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த ஊன் அழுகிப் புழுத்தது. நாற்றம் தெருவெங்கும் பரவியது. காக்கைக் கூட்டம் மாடியை மொய்த்து, எலும்புத் துண்டுகளைக் கவ்விச் சென்று அயலார் வீடுகளில் இட்டது. வைதிக ஒழுக்கமுடைய குடும்பங்கள் வாழும் தெருவில் இது எத்தகைய பூசலை விளைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நகராட்சிக்கு முறையிடுவோம் என்று அண்டை வீட்டார் அச்சுறுத்தினர். அவர் சினந்ததில் தவறில்லை. பேராசிரியரும் அவரைக் குறைகூறவில்லை.

நகரின் புறத்தே நண்பர் ஒருவருக்கு உரிய இடம் இருந்தது. எலும்புகள் அனைத்தையும் அங்கே கொண்டுசென்று குவித்து, நள்ளிரவில் நெருப்பு மூட்டினர். தீ ஓங்கி எழுந்தது. காவற்றுறையினர் ஓடி வந்தனர். நள்ளிரவில் எலும்பு எரியும் மணம் எழின் அவர் வேறென்ன கருதுவர்? யாரையோ கொன்று பிணத்தை எரிக்கின்றனர் என்று ஐயுற்று, நீண்ட மூங்கிற் கழியைத் தீக்குள் விட்டுக் கிளறிப் பார்த்தனர். மாட்டெலும்பு அன்றி வேறொன்றும் இன்மை கண்டு திரும்பினர். அறிவியற் பேரறிஞர்ப் பட்டம் பெற்ற ஒருவர் அந்நள்ளிரவில் சாம்பலும் புகையுமாய்க் காவலர்முன் நின்ற காட்சியை எண்ணுந்தோறும் எனக்கு நகையும் வரும், நெஞ்சம் நெகிழ்தலும் உண்டாகும். அச்சாம்பலிலிருந்து, பின்னர்ப் படிகம் படிகமாக வெண்ணிற மருந்து உருவாயிற்று.

நாள்தோறும் அவருக்குக் கல்லூரிக் கடமை இருந்தது. மாலையில் வீடு திரும்பியதும் உடை மாற்றிக்கொண்டு தொழிலாளராகிவிடுவார். அடுப்பின் அருகே நின்று கலக்குவதும், வடிப்பதும், புட்டியில் அடைப்பதும், கணக்கு எழுதுவதும் அவரே. செய்த மருந்தை விற்பதுதான் பெருந்துன்பமாயிற்று. கடைக்காரர்கள் உள்நாட்டு மருந்து என்று கேட்டதும் முகம் சுளித்தனர். அயல்நாட்டுப் புட்டிக்கு அன்றே பணம் தந்தவர்கள், இதனை விற்றால் பணம் தருவோம் என்றனர்.

அந்நிலையில் அவருக்குத் தோள் கொடுத்தவர் அமூல்ய சரண் போஸ் என்னும் மருத்துவர். அவர் இம்மருந்துகளைத் தம் நோயாளருக்கு எழுதிக் கொடுத்தார். உடன்தொழில் புரியும் மருத்துவர்களிடமும் எடுத்துரைத்தார். நாட்டு மூலிகைகளையும் புதிய முறையில் வடித்தெடுத்துப் பயன்படுத்தல் வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. அவ்வாறு அத்தொழிலகத்தில் உருவானவற்றின் பெயர்களைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். வங்கத்தார் காலமேகம் என்பது நம் நிலவேம்பு. வாசகம் என்பது ஆடாதோடை. குர்ச்சி என்பது குடசப்பாலை. செங்கற்பட்டுப் பக்கத்து ஊர்களில் வேலியோரம் ஆடு தொடாமல் தழைத்து நிற்கும் ஆடாதோடையே, கல்கத்தாவில் அவர்தம் புட்டியில் இருமல் மருந்தாயிற்று. நம் பாட்டிமார் குழந்தைகளுக்குப் புகட்டிய ஓமத்தீநீரும் அங்கே வடிக்கப்பட்டது. குடசப்பாலையோ சீதபேதிக்கு மருந்து. இளமையில் அந்நோயால் ஈராண்டு வருந்திய ஒருவரின் தொழிலகத்தில் அது உருவானதை யான் தற்செயல் என்றே கொள்கிறேன். ஆயினும் எண்ண எண்ண இனிக்கும் தற்செயல் அது. கல்கத்தாவில் நடைபெற்ற இந்திய மருத்துவ மாநாட்டில் இம்மருந்துகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கு வந்த மருத்துவர் பலர் அவற்றை மதித்தனர். அதன்பின் கடைக்காரரின் மொழியும் மாறத் தொடங்கியது.

இந்நிலையில் இரண்டு பேரிடிகள் விழுந்தன. வேதியியலில் உயர்பட்டம் பெற்ற சதீஷ் சந்திர சின்ஹா என்னும் இளைஞர், அரசுப்பணியை நாடாது, இத்தொழிலகத்தையே தம் வாழ்வாகக் கொண்டு வந்து சேர்ந்தவர். ஒருநாள் ஆய்வறையில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு எதிர்பாராவகையில் அவர் உயிரைக் குடித்துவிட்டது. இளம் மனைவியைத் தவிக்கவிட்டு அவர் மறைந்தார். அமூல்ய சரணரோ 1898-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பரவிய பிளேக்கு நோய்க்கு இரையானார். ஒருவர் சோதனை மேசையிலும், ஒருவர் மருத்துவத் தொண்டிலும் மாண்டனர். தகரக் குழல் வெடித்தபோது ஊறின்றித் தப்பிய அதே பிரபுல்ல சந்திரர், இப்போது தம் கூடத்திலேயே ஓர் இளைஞரின் பிணத்தைக் காண நேர்ந்தது. அத்துயரிலும், கடன்களைத் தனியே சுமந்து, தொழிலகத்தை மூடாது நடத்தினார்.

1901-ஆம் ஆண்டில் அத்தொழிலகம் பங்குதாரர் நிறுவனமாயிற்று. சில ஆண்டுகளில் மாணிக்தலாவில் விரிந்த இடத்தில் ஆலையும் எழுந்தது. வேதியியல் கற்ற இளைஞர் பலர் எழுத்தர் வேலையை நாடாமல் அங்கே பணிபுரிந்தனர். அவருள் ஒருவரான ராஜசேகர பாசு, பின்னாளில் வங்க மொழியின் சிறந்த நகைச்சுவை எழுத்தாளராகவும் அகராதி ஆசிரியராகவும் புகழ் பெற்றார். பிரபுல்ல சந்திரர் அந்நிறுவனத்திலிருந்து தமக்கெனப் பொருள் சேர்க்கவில்லை. பிற்காலத்தில், 1980-ஆம் ஆண்டில், அது இந்திய அரசின் உடைமையாயிற்று.

அவருடைய பிற பணிகளை எல்லாம் விரித்துரைப்பின் இப்பாடம் நூலாகிவிடும். பாதரசமும் நைட்ரிக் அமிலமும் கொண்டு, அதுகாறும் யாரும் கண்டறியாத மஞ்சள் நிறப் படிகம் ஒன்றை உருவாக்கி, 1896-ஆம் ஆண்டில் வெளியிட்டதால், மேனாட்டு அறிஞரிடை அவர் பெயர் நிலைத்தது. பிற்காலத்திற் கந்தகம் சேர்ந்த கரிமப் பொருள்கள் பலவற்றையும் ஆராய்ந்தார். பண்டை இந்தியரின் வேதியியலறிவைப் பழஞ்சுவடிகளில் தேடி, 1902-ஆம் ஆண்டிலும் 1909-ஆம் ஆண்டிலுமாக இரு தொகுதிகள் எழுதினார். சுவடி ஓதும் தொழிலினனாகிய யான் அவ்வுழைப்பின் அருமையை ஓரளவு உணர்வேன். கல்லூரியும் ஆலையும் நடத்திக்கொண்டே அதனைச் செய்தார் என்பதே நம்புதற்கு அரியது. 1924-ஆம் ஆண்டில் இந்திய வேதியியற் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். மேக்நாத் சாகா, சத்தியேந்திரநாத் போஸ் போன்ற பேரறிஞர்கள் அவரிடம் பயின்றவர்கள்.

1916-ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியற் கல்லூரியிற் பேராசிரியரானார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு அக்கல்லூரியின் ஓர் அறையே இல்லமாயிற்று. வறிய மாணவர் சிலரும் அவருடன் தங்கி உண்டு பயின்றனர். அறுபது வயது நிறைந்த 1921-ஆம் ஆண்டு முதல் தம் ஊதியத்தை அக்கல்லூரியின் வளர்ச்சிக்கே விட்டுவிட்டார். 1922-ஆம் ஆண்டில் வடவங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஆய்வுக்கூடத்தை அடைத்துவிட்டு நிவாரணப் பணிக்குத் தலைமை பூண்டார். அறிவியற் கல்லூரியின் கூடங்களில் அப்போது அரிசியும் துணியும் நிரம்பியிருந்தன. அவர் ஆசாரியர் என்று அன்போடு அழைக்கப்பட்டார். ஆங்கில அரசு வழங்கிய சர் பட்டத்தினும் அப்பெயரே மக்கள் நாவில் நிலைத்தது.

1944-ஆம் ஆண்டு சூன் திங்கள் 16-ஆம் நாள், தாம் வாழ்ந்த அக்கல்லூரி அறையிலேயே அவர் உயிர் நீத்தார். எலும்பு உலர்ந்த மாடியும் எலுமிச்சைச் சாறு கொதித்த அடுப்பும் இருந்த அம்மேல் வட்டச் சாலைக்கு, பின்னர் ஆசாரிய பிரபுல்ல சந்திரர் சாலை என்று பெயரிட்டனர். அதனைத் தொடர்ந்து தெற்கே செல்லும் கீழ் வட்டச் சாலைக்கு, வேலையற்றிருந்த ஆண்டில் அவருக்குச் சோறும் இடமும் அளித்த நண்பரின் நினைவாக, ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் சாலை என்று பெயர்.